எந்தப் பிராசஸர் என்று ஒரு சொல்லில் எழுது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம். ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும் மேல்முறையீட்டில் இருக்கிறது. அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்றே கொள்கிறேன்; ஆனாலும் அனுமானம் ஆதாரமாகாது என்பதால் அதையும் ஒரு வரியில் உறுதி செய்துவிடு. உன் அம்மா இன்னும் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பெரியம்மாவின் முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம், ஆனால் பெரியம்மா கைத்தடியைத் தொட மறுக்கிறாளாம், தங்கையின் தோள் இருக்கும்போது தடி எதற்கு என்கிறாளாம். ஆகவே எப்போது திரும்புகிறாய் என்று உன் அம்மாவிடம் கேட்பதையே நிறுத்திவிட்டேன். கேட்டால், "ஏன், நான் இல்லாம பால் பொங்கி வழியுதா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். வழிகிறது என்பதே உண்மை. நான் அதை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. ஒரே ஆளுக்குச் சமைப்பதில் இன்னும் அளவு பிடிபடவில்லை. காலையில் செய்தது இரவுக்கும் இருக்கிறது, மறுநாளைக்கும் இருக்கிறது, அதற்குமேல் அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய கம்ப்யூட்டர் ஒருவழியாகக் கண்ணை மூடிவிட்டதைப் போனில் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. ஒரு குத்தகைத் தகராறில் வீடியோ மூலம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. நான் வாதத்தின் நடுவில், ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது திரை அப்படியே உறைந்து நின்றது, பிறகு கறுத்துவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அம்மையார் பின்னர் போன் செய்து, "சார், நீங்க வாயத் திறந்தபடியே நின்னீங்க, ஏதோ பெரிய பாயிண்ட் வருதுன்னு நாங்க எல்லாரும் பேனாவ எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருந்தோம்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது, நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, முன்பெல்லாம் அந்த விசாரணைகள் முடியும்போது ஒவ்வொருவராக மறைந்து கடைசியில் திரையில் என் முகம் மட்டும் எஞ்சும். விடைபெற ஆளில்லாமல் நானே அணைத்துவிட்டு எழுவேன். அது பிடிக்காத காட்சி என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. அந்த இயந்திரத்தின் உள்ளே ஒரு விசிறி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அது வீட்டில் எவ்வளவு இடத்தை அடைத்திருந்தது என்று தெரிகிறது.

புதியது வாங்க வேண்டும் என்றதும் நீ போனில் எனக்குப் பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை என்று விளக்கினாய். அதைச் செய்கிற இரண்டு கம்பெனிகளில் இன்டெல் என்ன, ஏஎம்டி என்ன, அதற்குள் இருக்கும் கோர் என்பது என்ன, ஒரு கோர் என்பது ஒரு குமாஸ்தா மாதிரி, ஒரே கடிதத்தைத் தட்டச்சு செய்யப் பதினாறு குமாஸ்தா எதற்கு, ஆனால் நீ செய்கிற வேலைக்கு, அதாவது இன்னும் எழும்பாத கட்டடத்துக்குள் ஆட்களை நடத்திக் காட்டும் படங்களுக்கு, பதினாறு பேரும் வேண்டும் என்று சொன்னாய். உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, நீ அங்கே போன பிறகு நாம் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தாண்டிப் பேசினோம். எனக்கு முழுவதும் புரிந்தும்கூட இரண்டு இடங்களில் புரியவில்லை என்றேன். அந்தப் பேச்சின் முடிவில்தான் நீ ஒன்று சொன்னாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

"நல்ல மிஷின் ஒண்ணு இருந்தா அங்கேருந்தே வேலை பார்க்கலாம்ப்பா" என்றாய். நான் கேட்டது இது. ஆனால் 'வேலை' என்ற சொல்லுக்குப் பிறகு நீ சற்று நிறுத்தினாய். உன் பக்கத்தில் யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், அதனால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் சொன்னதாக வைத்துக்கொண்டால், இங்கிருந்தபடியே உன் வேலையைச் செய்ய முடியும் என்று பொருள். நிறுத்தித்தான் சொன்னாய் என்றால், அந்தப் 'பார்க்கலாம்' தனியாக நிற்கிறது. அப்போது அது பெண் பார்க்க வந்தவர்களையும் கைமாற்றுக் கேட்டு வந்தவர்களையும் முகம் கோணாமல் வாசல்வரை கொண்டுபோய் விடுகிற 'பார்க்கலாம்' ஆகிவிடுகிறது. போனில் காற்புள்ளி தெரிவதில்லை. நாற்பது வருடம் அடுத்தவர்களின் ஒப்பந்தங்களில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வராமல் பார்த்துக்கொண்டவன் நான், என் மகளின் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருளையும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம், சொல்லிவிட்டேன். "வரேன்னு சொல்ல அவளுக்கு வாய் இல்லையா? பார்க்கலாம்னுதானே சொன்னா. பார்க்கலாம்னா பார்க்கலாம்தான். நீங்க வேணும்னா அதுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பி விளக்கம் கேளுங்க" என்றாள். உன் அறையில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் வைக்க எலக்ட்ரீஷியனை வரவழைத்ததும் அப்போது வெளிப்பட்டுவிட்டது. "மிஷினே வரலை, அதுக்குள்ள சுவத்துல ஓட்டை போட்டாச்சா?" என்று ஒரு பிடி பிடித்தாள். பக்கத்திலிருந்து பெரியம்மா ஏதோ கேட்க, அவளுக்குப் பதில் சொன்னாள். பிறகு, "மேசையை ஜன்னலுக்கு நேரா போட்டுடாதீங்க, வெயில் திரையில விழுந்தா அவளுக்குக் கண்ணு கூசும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் உன் மாமா. அவன் வேலை பார்த்த அலுவலகத்தில் எப்போதும் இன்டெல்தான் என்பதால் அது அவனுக்கு நாட்டுப்பற்று மாதிரி ஆகிவிட்டது. "அத்தான், கண்ண மூடிக்கிட்டு இன்டெல் வாங்குங்க, நான் சொல்றேன்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை, ஆகவே கடைக்கு நேரில் போனேன். கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய கடை, சுவர் முழுவதும் அட்டைப்பெட்டி, கடைக்காரர் நாற்காலியைச் சுழற்றாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் ஏஎம்டி கட்சி. நான் உன் மாமாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தேன், இரு தரப்பையும் கேட்பது நல்லது என்று. "அத்தான், ஸ்டாக்ல தேங்கிக் கிடக்கிறத உங்க தலையில கட்டிடுவான், ஜாக்கிரதை" என்றான் உன் மாமா, எதிரில் ஆள் கேட்டுக்கொண்டிருப்பது தெரியாமல். கடைக்காரர் நாற்காலியை ஒரு சுற்று சுற்றி, "சார், அவரை நேர்ல வரச் சொல்லுங்க, ஒரு டீ வாங்கித் தரேன், அப்புறம் சண்டை போடுவோம்" என்றார். உன் மாமா போனை வைத்துவிட்டான். அன்று மாலையே மறுபடியும் அழைத்து, டீ சொன்னானே, நிஜமாகத்தான் சொன்னானா என்று கேட்டான்.

நான் மதிப்புரைகளையும் கைபேசியில் படித்துப் பார்த்தேன். ஒரே சோதனையை நடத்திவிட்டு ஒருவர் இது முந்தியது என்கிறார், இன்னொருவர் அது முந்தியது என்கிறார். சாட்சிகள் எல்லாரும் நேர்மையானவர்களாகவும் இருக்கிறார்கள், அதுதான் சங்கடம். கடைசியில் நான் தெரிந்துகொண்டது, இரண்டு நிறுவனத்திலும் சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு, இரண்டுமே தரமானவை என்பது. அந்தக் கடையில் இப்போது எனக்காக எடுத்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று இன்டெல், சிறிய பெட்டிக்குள் அடங்கும், திரைக்கான பகுதியும் அதற்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், என் மனுக்களுக்கும் வீடியோ விசாரணைக்கும் தாராளம். மற்றொன்று ஏஎம்டி, நீ சொன்ன பதினாறு குமாஸ்தாக்களும் உள்ளது, கிராபிக்ஸ் கார்டு தனி, பெட்டி என் முழங்கால் உயரம்.

கடைக்காரர் அப்போதுதான் கேட்டார், "யாருக்கு சார் இது?" வீட்டுக்கு என்றேன். "வீட்ல யாருக்கு?" கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று எத்தனையோ சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அன்று நானே அதை மீறினேன். என் மகள் அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று விளக்கத் தொடங்கினேன், வேண்டியதைவிட அதிகமாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அவர் நாற்காலியை நிறுத்திவிட்டார். "உங்களுக்குன்னா இந்தச் சின்னது போதும் சார், சிரிச்சுக்கிட்டே ஓடும். பொண்ணு வந்து உக்காரப் போறாங்கன்னா பெருசு. நடுவுல ஒண்ணு எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆகாது. வீட்ல கேட்டுட்டு வாங்க, ரெண்டையும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்" என்றார். நான் நடுவில் ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ஆகவே கேட்கிறேன். போனில் கேட்டால் உன் குரலின் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் நான் பொருள் தேடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் வேலை உனக்குப் பிடித்த வேலை, அங்கே உனக்கு ஒரு வீடும் நான்கு நண்பர்களும் அமைந்திருக்கிறார்கள், இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் கைபேசியில் ஒரு சொல் அனுப்பு. இன்டெல் அல்லது ஏஎம்டி. காரணம் எழுத வேண்டாம், நானும் கேட்கமாட்டேன், உன் அம்மாவையும் கேட்கவிடமாட்டேன். "ரெண்டுமே நல்லதுதான்ப்பா" என்றோ "உங்க இஷ்டம்ப்பா" என்றோ எழுதினால் அது பதிலாகக் கொள்ளப்படாது. இன்னொன்று, இது முக்கியம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பெரியதை எழுதிவிடாதே. அப்படிப் பெறுகிற சம்மதம் செல்லாது என்பது ஒருபுறம் இருக்க, அந்தப் பெரிய பெட்டி உன் அறையில் யாரும் தொடாமல் நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியவன் நான். சிறியதை எழுதினால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது என் மேசைக்கு வந்துவிடும், அதில் உன் முகம் தெளிவாகத் தெரியும் என்று கடைக்காரர் போட்டே காட்டினார்.

எங்கிருந்தாலும் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் நீடு வாழ்க. செய்யும் வேலையில் உன் பெயர் நிலைக்கட்டும். போனில் நீ இருமியது கேட்டது; இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் உனக்கு உண்டு, புட்டியில் உள்ளதை முடித்துவிடு. கடைக்காரர் எத்தனை நாள் வைத்திருப்பார் என்று சொல்லவில்லை, ஆனால் அவசரமில்லை, நன்றாக யோசித்தே எழுது.

உன் பதிலை மட்டும் எதிர்பார்க்கும்,
அப்பா