வாய் இல்லாத செல்

காட்டூர்,
செவ்வாய், சாயங்காலம்

அன்பு பிராங்க்ளின் அண்ணனுக்கு,

பிரான்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாதா புண்ணியத்தில் ஒசாகாவில் நீயும் சுகமாக இருப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் இந்த மெயில். முழுசாகப் படி.

நீ அனுப்பிய அனிமே செல் வந்துவிட்டது! கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு அசைவையும் இப்படி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் கையால் வரைந்துதான் கார்ட்டூன் படம் பிடித்தார்கள் என்று எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். ஆனால் கையில் எடுத்தால் வேறு மாதிரி இருக்கிறது அண்ணா. ஒரு பொண்ணு படம். முன்பக்கம் கோடு, பின்பக்கம் பெயிண்ட். திருப்பினால் திட்டுத் திட்டாகக் கலர்தான், பொண்ணையே காணோம். முடிக்கு மட்டும் மூன்று நீலம்! ஓரத்தில் A12 என்று வரிசை நம்பர் எழுதியிருக்கிறதே, அப்படியானால் A11 யார் வீட்டில் இருக்கும்?

அந்தப் பொண்ணுக்கு வாய் இல்லை. அம்மா பயந்தே போனார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "காசக் குடுத்து வாங்கறவன் வாய் இருக்கான்னு பாக்க மாட்டானா?" என்றார். நீ இங்கே அந்தப் பெர்மனென்ட் வேலையை விட்டு ஜப்பானுக்குப் போன பிறகு உன்னைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். வாயைத் தனி ஷீட்டில் வரைந்து மேலே வைப்பார்கள், பேசும்போது அதை மட்டும் மாற்றினால் போதும் என்று விளக்கினேன். காதில் வாங்காதவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நேற்று காலேஜ் விட்டு வந்தால் மேஜையில் செல் இல்லை. அப்பா லேமினேஷன் போடக் கொண்டுபோயிருக்கிறார் என்றார் அம்மா. என் ஞானஸ்நான சர்டிபிகேட்டிலிருந்து ஈபி அட்டை வரைக்கும் அவர் லேமினேட் பண்ணாதது எது? அந்தச் சூட்டில் பெயிண்ட் மொத்தமும் உருகிவிடுமே! செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

மெஷின் சூடாகித் தயாராக இருந்தது. செல் இன்னும் அப்பா கையில்தான் இருந்தது. கடைக்கார வஹீதா அக்கா, "குடுங்க சார், பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அப்பாவோ நின்றவர்களுக்கெல்லாம் செல்லைத் தூக்கிக் காட்டி, "என் பையன் ஜப்பான்லேருந்து அனுப்புனது. வாய் இல்லேன்னு பாக்காதீங்க, அது தனி ஷீட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு மட்டும் இல்லையென்றால் செல் எப்போதோ மெஷினுக்குள் போயிருக்கும்.

என்னைப் பார்த்ததும், "தண்ணி கிண்ணி பட்டா வீணாயிடுமேன்னு..." என்று இழுத்தார். சூடு ஆகாது என்றேன். வீடு வரைக்கும் வெயில் படாமல் பேப்பரால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

நான் இதையெல்லாம் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா வீட்டில்தான் இருப்பார். கூப்பிடு அண்ணா. என் நம்பருக்கு வேண்டாம்.

ஆசைத் தங்கை,
பிரான்சி