இடப்பக்க வரிசை

3-ஆம் தேதி, செவ்வாய்
பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில்

என் செல்லத் தங்கைக்கு,

நலம் என்று எழுதக் கை வருகிறது, இடுப்புதான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. ஆபரேஷன் முடிந்து பதினொரு நாள். வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்லிவிட்டார்கள். இடப்பக்கச் சுவரில் கைப்பிடி இருப்பதால் அதை ஒட்டியே வாசல் வரை போய்த் திரும்புகிறேன்.

விழுந்ததில் காது மெஷின் நொறுங்கிப்போனது. இங்கே எனக்கு எல்லாமே ஊமைப் படம். மாப்பிள்ளையிடம் சொல், போன் வேண்டாம். அதன் பேச்சு என் காதுக்கு ஆகாது, அதன் எழுத்து என் கண்ணுக்கு ஆகாது.

முப்பது வருஷம் விடுதி மெஸ்ஸில் பரிமாறிய கை, சும்மா இருக்குமா? நடக்கிற வழியில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறேன். கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் தேய்த்துக்கொள்கிறேன். என் சுத்தம்தான் உனக்குத் தெரியுமே. பெரிய சிஸ்டர், "எங்க பாதி வேலைய நீங்களே பாத்துடறீங்கம்மா" என்று சீட்டில் எழுதிக் காட்டினார்.

இருபதாம் தேதி அனுப்பிவிடுவார்களாம். உன் வீட்டுக்குத்தான் வருவேன். குட்டிக்கு ரத்தத்துக்கு மருந்து ஏற்றி முடிந்ததே, டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காமல் எழுதுடி.

உன் அக்கா

5-ஆம் தேதி

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் கொண்டுவந்ததும் குட்டி பிடுங்கிக்கொண்டாள். தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறாள். பெரியம்மா கையெழுத்தைத் தடவிப் பார்ப்பது, பிறகு அதே விரலை வாயில் வைத்துச் சூப்புவது. ஏழு வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீ வந்து இரண்டு அதட்டு அதட்டு.

மருந்து ஏற்றியதில் அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லையாம். ஒரு மாதத்துக்குச் சளிகூடப் பிடிக்கக் கூடாது, வெளி ஆட்களை உள்ளே விடாதீர்கள் என்றார் டாக்டர். நீ என்ன வெளி ஆளா? அவள் அறையிலேயே உனக்குக் கட்டில் போட்டாயிற்று.

உன் தங்கை

9-ஆம் தேதி, திங்கள்

தங்கச்சி,

வார்டைப் பூட்டிவிட்டார்கள். யாரும் உள்ளே வரக்கூடாது. இந்தக் கடிதத்தையே ஆயாம்மாவிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளி மதியம் எட்டாம் கட்டில் டீச்சர் என்னோடு சிரித்துக்கொண்டிருந்தவர், சிரித்தபடியே வாயைத் திறந்தார். வாந்தி கொட்டியது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, திறந்த வாய்தான் தெரிந்தது. திரையை இழுத்து மூடினார்கள். சனிக்கிழமை ஏழும் ஆறும். நேற்று நாலும் மூன்றும். என் பக்கத்தில் தொடங்கி வாசலைப் பார்த்து ஒவ்வொரு திரையாக மூடுகிறது. வலப்பக்க வரிசையை அது தொடவே இல்லை. இன்று காலை பார்க்கிறேன், மூன்றாம் கட்டிலில் மெத்தையே இல்லை. யாரைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் கட்டில் தையல்காரம்மா மட்டும் என் கையால் தண்ணீர் வாங்குவதில்லை. உதட்டசைவைப் படித்தேன். "நீங்க வந்துட்டுப் போனாத்தான் திரைய மூடறாங்க" என்றார். மனுஷிக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு இந்த வயிற்றுக் கிருமி இருக்கிறது என்று ஒரு டாக்டர் எண்ணுகிறார். நேற்றே எங்கள் வார்டில் பதினெட்டுப் பேரிடமும் மலம் கேட்டு வாங்கினார். எனக்கு ஒன்றும் இல்லையே என்றேன். "ஒண்ணும் இல்லாதவங்களையும் எண்ணினாத்தான் சரியா தெரியும்" என்று எழுதிக் காட்டினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. குட்டிக்கு முத்தம்.

அக்கா

11-ஆம் தேதி

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று மனதை அரிக்கிறது. இடப்பக்கம் மட்டும் ஏன்? வலப்பக்கத்துக்காரர்கள் சாப்பிடுவதும் அதே சாப்பாடுதானே?

குட்டி காலையில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள். மாத்திரைச் சூடாக இருக்கும், கவலைப்படாதே. உன் இரண்டாவது கடிதத்தையும் அவளே வைத்துக்கொண்டாள்.

தங்கை

12-ஆம் தேதி, வியாழன்

தங்கச்சி,

இது பெரிய சிஸ்டரின் கையெழுத்து. அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே புதுத் தாளில் எழுதுகிறார், நான் உள்ளிருந்து கத்திச் சொல்கிறேன். இந்தத் தாளை நான் தொடவில்லை. பயப்படாமல் படி.

பதினெட்டில் எட்டுப் பேருக்குக் கிருமி. ஏழு பேர் வாந்தி எடுத்தவர்கள். மிச்சம் ஒருத்தி நான். எனக்கு வயிறு வலிக்கவில்லை, காய்ச்சல் இல்லை, வேளாவேளைக்குப் பசித்தது. அப்படியும் உள்ளே இருக்குமாம். சானிடைசருக்கு இது சாகாதாம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டுமாம். சுவரில் எழுதி ஒட்டியிருந்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்கவில்லை, எனக்குத் தெரியாத சுத்தமா என்ற திமிர்.

வலப்பக்கம் நான் போனதே இல்லை. அந்தச் சுவரில் கைப்பிடி இல்லை.

தலையணைக்கு அடியில் இருக்கிற என் கடிதங்களைக் குட்டி மறுபடி தொடுவதற்குள் எடுத்து எரித்துவிடு. அவள் விரலைச் சோப்புப் போட்டுக் கழுவு, துணியெல்லாம் கொதிநீரில் போடு. எனக்குப் போட்ட கட்டிலைப் பிரித்துவிடு. ஒரே ஒரு வரி எழுது, அவள் எப்படி இருக்கிறாள்? நான் நடப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்கா

17-ஆம் தேதி

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள், பதினொன்றாம் தேதி சாயங்காலமே குட்டியை இங்கே சேர்த்துவிட்டோம். குழந்தைகள் வார்டு, தனி அறை. உன் வார்டுக்கு நேர் கீழே. ஒன்பதாம் கட்டில் எங்கள் தலைக்கு மேலேதான் என்று ஆயாம்மா விரலை நீட்டிக் காட்டினார்.

வாந்தி நிற்கவில்லை. டிரிப்ஸில்தான் இருக்கிறாள். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

கடிதம் எங்கே என்று கேட்கிறாள். எரித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "பெரியம்மாவுக்குக் கை வலி, எழுதல" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சேர்த்த அன்று மேலே வாக்கர் சத்தம் கேட்டது. டக், டக், வாசல் வரை போய்த் திரும்பியது. "பெரியம்மா நடக்கறாங்க" என்று குட்டி கண்ணைத் திறந்தாள். அந்த நேரத்தில் மட்டும் இரண்டு மடக்குத் தண்ணீர் உள்ளே தங்கியது. மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. எழுதாதே, ஆள் அனுப்பாதே, இருபதாம் தேதி எங்கள் வீட்டுப் பக்கம் வராதே.

ஆனால் நட, அக்கா. யார் கட்டிலிலும் நிற்காமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல் நடந்துகொண்டே இரு. கீழே மட்டும் வந்துவிடாதே.

தங்கை