கொஞ்ச நேரம் காத்திருந்தவளுக்கு

இன்று காலை ஒரு வருடத்துக் கருத்துப் படிவக் கட்டைப் பிரித்ததும் ஸ்டாம்ப் பேடு மையின் வாடை குப்பென்று வந்தது. எழுதத் தெரியாத நோயாளிகளின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுப்பது உன் வேலையாக இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவில் எந்தத் தொழில் செய்பவர்களுக்குத் திருப்தி, யாருக்குக் குறை என்று பிரித்து நான்கு மணிக்குள் மேலே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக் கட்டு தாண்டியபோது உன் படிவமே கைக்கு வந்தது. அதை எந்த அடுக்கில் வைப்பது?

சம்பளக்காரர்கள் படிவத்தின் பின்பக்கம் வரை திட்டி எழுதியிருக்கிறார்கள். கூலி வேலைக்காரர்கள் எல்லாரும் ‘மிகத் திருப்தி’. முன்பொருமுறை அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டபோது நீ சிரித்தாய். “கேட்டா கெடைக்கும்னு தெரிஞ்சவங்க திட்டறாங்க மேடம். மத்தவங்க, வெளிய தொரத்தாம வுட்டாங்களேன்னு கும்புடறாங்க.” டிப்ளமோ படித்த டெக்னீஷியன் நான், நீ ஒப்பந்த உதவியாளர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அந்தக் கோபம் அடங்கியது இண்டூர்ப் பக்கத்துப் பெண் வந்த நாளில்தான். தக்காளித் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு வலி. மாமியார் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். வரிசை நீண்டு கிடந்த எரிச்சலில், “பிரெக்னன்ட் இல்லதானே?” என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். எக்ஸ்ரே பொத்தான் மேல் என் விரல் இருந்தது.

“இருங்க மேடம்!” என்று கத்தினாய். உள்ளே ஓடி அவள் காதருகே குனிந்தாய். “தங்கச்சி, தலைக்கு ஊத்தி எத்தினி நாளாச்சு?”

“ரெண்டு மாசம் ஆவுதுங்க. எங்க மாமியாருகிட்ட இன்னும் சொல்லல.”

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். நான் கேட்ட கேள்வியிலேயே பதிலும் இருந்தது. டாக்டரிடம் அனுப்பினோம், படம் வேண்டாம் என்றார். அந்தப் பெண் போகும்போது படிவத்தில் விரல் வைத்து, “எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க” என்றாள்.

“படமே எடுக்கல, அதுக்கே திருப்தியாம்” என்றாய் நீ. “பரவால்லன்னு சொல்றவங்களத்தான் மேடம் மறுக்கா கேக்கணும்.”

இதையெல்லாம் தெரிந்துகொண்டும்தான் அதைச் செய்தேன். உனக்கு வயிற்று வலி என்று டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்த நாள். உன் முறை வந்தபோது ஒருவர் தன் அம்மாவை அழைத்துவந்து, யாருக்கோ போன் போட்டுக்கொண்டே கவுன்டரைத் தட்டினார். அவசரமும் இல்லை, தேதியும் அவர்களுக்கு மறுநாள்தான். அவர் சத்தம் போட்டார், நீ போடவில்லை. “உனக்கு அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?” என்று கேட்டேன். அதுவும் பதிலை உள்ளே வைத்த கேள்விதான்.

“பரவால்ல மேடம்.”

மறுக்கா கேட்கவில்லை. அடுத்த வாரம் மிஷின் பழுது, அதற்கடுத்த வாரம் தொடர் விடுமுறை. மூன்று வாரம் கழித்துத் திரையில் உன் வயிற்றைப் பார்த்தபோது, கட்டி பரவியிருப்பது டாக்டர் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் எதுவும் மாறியிருக்காது என்று அவர் சொன்னார். நம்பத்தான் பார்க்கிறேன்.

அன்று மேசையிலிருந்து இறங்கி, வலியோடு நீ நிரப்பிய படிவம் இது. ஊர், கம்பைநல்லூர். தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதியிருக்கிறாய். ஆறு வருடம் என்னோடு இந்த அறையில் நின்றவள், ஆஸ்பத்திரி என்று எழுத உனக்கு மனம் வரவில்லையா? சேவை எப்படி, மிகத் திருப்தி. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், ‘கொஞ்ச நேரம்’.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாயா, பழக்கத்தில் எழுதினாயா? இனி யாரிடம் கேட்பேன்? இப்போதெல்லாம் யார் பரவாயில்லை என்றாலும் பக்கத்தில் போய், உன் சொற்களிலேயே இன்னொரு முறை கேட்கிறேன். வரிசை நீள்கிறது, திட்டும் வாங்குகிறேன்.

உன் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் நான் எழுதினேன்: ‘இவர் காத்திருந்தது மூன்று வாரம். இவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்தது நான்.’ கீழே என் பெயரை எழுதி, மையில் கட்டைவிரலை ஒற்றிப் பக்கத்தில் வைத்தேன். பிறகு அதைக் குறைகள் அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். நான்கு மணிக்கு அது மேலே போகும்.