ஓரகத்தி தந்த விதை

பங்குனி, செவ்வாய்

கீரமங்கலம் மில்லில் ஆட்டிய என் சூரியகாந்தி எண்ணெயைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஓரகத்தி கொல்லைக்கும் என் கொல்லைக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அதே மண், அதே போர் தண்ணீர். போன வருஷம் அவள் களத்தில் காய்ந்த விதையைக் கேட்டு வாங்கித்தான் நானும் போட்டேன். அவளுக்கு எண்ணெய் கொட்டுகிறது. எனக்குப் பிண்ணாக்குதான் மிச்சம்.

அவள் களத்து விதையைப் போட்டதைச் சொல்லி, வெயில்மேல் பழியைப் போட்டேன். மில்காரர் சிரித்தார். "மணி பிடிக்கிறப்ப வெயில் காஞ்சா எண்ணெ கொறையத்தான் செய்யும். ஆனா அந்த வெயிலு வரப்பத் தாண்டாதாங்க? வீரிய ஒட்டு வெதையில வெளைஞ்சத எடுத்துப் போட்டா தாய்ச்செடி மாதிரி வராதுங்க. வருசாவருசம் புதுப் பாக்கெட்டு வாங்கணும்."

நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏங்க்கா, நீங்க வருசாவருசம் பாக்கெட்டா வாங்குறீங்க?"

"ஆமா. நீ எங்க களத்து வெதையத்தானே கேட்ட? பாக்கெட்டப் பத்திக் கேக்கலையே" என்றாள். கையோடு ஒரு பாட்டில் எண்ணெயும் கொடுத்து அனுப்பினாள்.

அதில்தான் ராத்திரி அப்பளம் பொரித்தேன். "அண்ணி எண்ணெயே தனிதான்" என்று இவர் இன்னும் இரண்டு கேட்டார்.

நாளைக்கு அதே பாட்டிலில் என் எண்ணெயை ஊற்றி வைக்கப்போகிறேன். அதையும் அண்ணி எண்ணெய் என்று புகழ்ந்தாரானால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். முகம் சுளித்தாரானால்? அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.