ஒன்றுக்கு முன்னால் ஒன்பது

22.7.91 திங்கள்

காலையிலேயே புழுக்கம். பாடியில் லாரி நெரிசல், பஸ் நகரவில்லை. பைண்டிங் பட்டறைக்குக் கால் மணி தாமதம்.

புது வேலை. பூந்தமல்லிப் பாதிரியார் ஒருவர் எழுதிய புத்தகம், சொற்கள் எங்கிருந்து வந்தன என்று. அச்சான தாளை மடிக்க வேண்டும், ஒரு தாளுக்குப் பதினாறு பக்கம். நானும் கஸ்தூரி அக்காவும்.

மடித்துக்கொண்டே படித்தேன். ஸ்பெயின் மொழியில் வந்து சேர்வதை ‘யெகார்’ என்பார்களாம். லத்தீனில் அதன் மூலம் ‘ப்ளிகாரே’, மடிப்பது. கரை நெருங்கினால் கப்பல்காரர்கள் பாயை மடிப்பார்கள், அதிலிருந்து வந்திருக்கலாமாம். நாள் முழுக்க நான் செய்கிற வேலை, ஒரு புத்தகத்தில். ஒவ்வொரு தாளிலும் அதே பத்தி. ஒவ்வொரு தடவையும் படித்தேன். கை தானாக மடித்தது.

சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

24 புதன்

தூறல். தைத்து, ஓரம் வெட்டின பிறகுதான் தெரிந்தது. மடிப்பு மாறி, ஒன்றாம் பக்கம் வர வேண்டிய இடத்தில் ஒன்பது. ஒரு கட்டு முழுக்க. வெட்டினதைத் திரும்ப மடிக்க முடியாது.

யெகார் இருந்த தாள். நான் மடித்தது.

முதலாளி அக்காவைத்தான் பிடித்தார். போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் போனவள். “புத்தி ஊட்ல, கை இங்க. சனிக்கிழமையோட நின்னுக்கோ.”

அக்கா அடுத்த தாளை எடுத்து மடித்தாள். நானும்தான். எட்டாவதோடு நின்றவள் படித்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பார்கள். அதற்காக வாயை மூடிக்கொண்டேன். எழுதவே கூசுகிறது.

25 வியாழன்

மத்தியானம் அக்கா எப்போதும் போல எனக்கும் ஊறுகாய் வைத்தாள். தொடாமல் டப்பாவை மூடினேன். பசை தடவுகிற மல்லிகா, “இன்னாடி, இனிமே மேசை பூரா உனுக்குத்தானே” என்றாள். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்.

27 சனி

வெயில். குழாயடியில் அக்கா தனியாக. தப்பாக மடித்தது நான்தான் அக்கா என்றேன்.

“தெரியும். நீ இடது கைக்காரி, உன் மடிப்பு எனக்குத் தெரியாதா? மூணு நாளா நீயா வந்து சொல்லுவியான்னு பாத்துகினு கீறேன்.”

முதலாளியிடம் போனேன். அந்தக் கட்டை மடித்தது நான்தான் என்றேன். பட்டறை முழுக்கக் கேட்டுவிட்டது. படித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா வேலைக்கு வரட்டும், உன்னைத் திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா முன் சீட்டில். பக்கத்தில் இடம் காலி. என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த பையை எடுத்து அங்கே வைத்தாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.