ஒரே அளவுப் பெட்டிகள்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
17.8.2025

நாமக்கல் கைதி கனிமொழிக்கு,

நீ அங்கே போய் எழுதிய ஒரே கடிதம் வந்தது. "சாப்பாடு பரவாயில்லை, காற்றோட்டம் உண்டு" என்று எழுதியிருந்தாய். இதைச் சொல்லவா ஸ்பீட் போஸ்ட்? பத்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் வாதாடிய பெண்தானா இவள் என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

உங்கள் விடுதியில் போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, போகிற வருகிற கடிதங்களை வார்டன் படிப்பார் என்று உன் அம்மா என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாராம். ஆகவே இந்தப் பத்தி வார்டன் அம்மாவுக்கு. வணக்கம் மேடம். இதில் காதல் எதுவும் இல்லை. நானும் கனியும் போன வருடத்திலிருந்து ஒரு சின்ன கெர்னல் எழுதுகிறோம். கம்ப்யூட்டரில் எந்த நிரல் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு நினைவகம் என்று தீர்மானிக்கும் அடிப்படை நிரல் அது. அதற்கு ஒரே அளவுள்ள சின்னப் பெட்டிகள் ஓயாமல் தேவைப்படும். ஒரு வேலை தொடங்கினால் ஒரு பெட்டி, முடிந்தால் பெட்டி திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இடம் தேடினால் நேரம் வீண். அதனால் பெட்டிகளைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் அலொகேட்டர் ஒன்றைக் கனி எழுதினாள். எங்கள் சர்க்கார் குவார்ட்டர்ஸ் மாதிரி. டைப் டூ என்றால் எல்லா வீடும் ஒரே அளவு. ஒருவர் காலி செய்தால் அடுத்தவருக்கு அலாட்மெண்ட். மின்விசிறியும் குழாயும் இருந்தபடியே இருக்கும். யாரும் இடித்துக் கட்டுவதில்லை. இவ்வளவுதான் மேடம். நன்றி.

இனி உனக்கு. உன் அலொகேட்டர் சரியில்லை. சிறிது நேரம் ஓடுகிறது, பிறகு ஒரு வேலை தூங்கப் போகிறது, அதை எழுப்ப யாராலும் முடியவில்லை. நான் எழுதிய பகுதியை வரி வரியாகப் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது. சுந்தரேஷ் சாரிடம் காட்டினேன். கம்ப்யூட்டர் ஆசிரியர் அல்லவா, ஏதாவது சொல்வார் என்ற நப்பாசை. "லினக்ஸ்தான் இருக்கே பேட்டா, நீ எதுக்கு இன்னொண்ணு எழுதறே?" என்றார். அவர் சமையலறையில் தோசை இருந்தும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எதற்கு தோசை தின்கிறார் என்று கேட்க நினைத்து, மார்க்குக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கேள்: பள்ளி மாணவர்களுக்கான போட்டியில் நம் கெர்னல் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. நவம்பர் 29, இங்கே தில்லியில். இரண்டு பேரும் மேடையில் நிற்க வேண்டும். எந்த வரியைப் பற்றியும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பார்களாம். நிரலையும் பெயர்களையும் அக்டோபர் 31 வரை மாற்றலாம். உன் அப்பாவிடம் இன்றே கேள்.

இன்னும் உன்னை மதிக்கும்,
ஜ்யோத்ஸ்னா


நாமக்கல்.
7.9.2025

மேதை ஜ்யோத்ஸ்னாவுக்கு,

உன் கடிதத்தை வார்டன் பல நாள் வைத்திருந்து, "உங்க அப்பாவோட வீடு அலாட்மெண்ட் விஷயம்போல, பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தார். உன் விளக்கும் திறமைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

காற்றோட்டம் உண்டு என்று எழுதியது, வேறு எதுவும் எழுத முடியாததால். இங்கே ஞாயிறுதோறும் தேர்வு. மார்க் வரிசைப்படி திங்களன்று நாற்காலி மாறும். முதல் வரிசைப் பெண்கள் பின் வரிசைப் பெண்களோடு பேச மாட்டார்கள். நான் நடுவில் இருக்கிறேன்; இரண்டு பக்கமும் பேச மாட்டார்கள். அவர்களிடம் பேசுவதற்கு எனக்கும் ஒன்றும் இல்லை. நேற்று ஒருத்தி, கெர்னல் என்றால் ராணுவத்தில் எத்தனையாவது பதவி என்று கேட்டாள்.

என் அலொகேட்டர் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஒரு பெட்டியை முதல் தடவை கொடுக்கும்போதே வேலை தூங்கிப்போகிறதா, அல்லது திரும்பி வந்த பெட்டியை இரண்டாம் தடவை கொடுக்கும்போதா? அதைப் பார்த்து எழுது. "சரியில்லை" என்பது தகவல் அல்ல, புலம்பல். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. நீ அச்சடித்துக் கொடுத்த தாள்களை கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறேன்.

அப்பாவிடம் கேட்கவில்லை. இந்தப் பள்ளியில் சேர்க்க எவ்வளவு அலைந்தார் என்று உனக்குத் தெரியாது. என்னை நம்பி எதையும் வைக்காதே.

கனி


லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
2.10.2025

கனி,

சோதித்தேன். இரண்டாம் தடவைதான். திரும்பி வந்த பெட்டியை மறுபடி கொடுக்கும்போதுதான் தூங்குகிறது. ஆக, உன் கையில் இருக்கும்போது பெட்டி கெடுகிறது. நான் சொன்னது இதைத்தான். இப்போது உன் முறைப்படியே நிரூபித்துவிட்டேன், போதுமா?

என் பக்கம் தவறே இருக்க முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முழுவதும் பூஜ்யம் எழுதித் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். பழைய வேலையின் ஒரு எண்கூட மிச்சம் இருக்காது. வாங்கிய பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்பது மாதிரி. அப்படிப் பளபளவென்று கொடுத்தும் உன்னுடையது அதைக் கெடுத்து வைக்கிறது.

அதனால் உன் பகுதியை எடுத்துவிட்டு நானே ஒன்று எழுதிவிட்டேன். பெட்டி கேட்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் புதிதாக நிரப்பிக் கொடுக்கும். வேகம் குறைவுதான். ஆனால் தூங்குவதில்லை, உன்னைப்போல.

நீ அப்பாவிடம் கேட்க மாட்டாய் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கிட்வாய் நகர் பஸ் ஸ்டாப்பில் நமக்கு வழிவிடாத அந்த மாமாவிடம் ஹிந்தியில் சண்டை போட்டாயே, அந்தக் கனியை யாரோ வழியில் இறக்கிவிட்டு வேறு யாரையோ நாமக்கல்லுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். உன் அப்பா கலியமூர்த்தி மாமா என்ன புலியா? "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒரு வருட உழைப்பை விடுகிறாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பார்க்கச் சின்னதாகத் தெரிகிறாய்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வேறு பெயர் கொடுப்பேன்.

ஜ்யோத்ஸ்னா


நாமக்கல்.
19.10.2025

ஜ்யோ,

உன் கடிதத்தைக் குளியலறை வரிசையில் நின்றுகொண்டு படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பின்னால் நின்றவள் பயந்துபோனாள்.

துடைத்துக் கொடுக்கிறாயா? பூஜ்யம் எழுதி?

அடி பைத்தியமே, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காவல் எண் இருக்கிறது. ஒன்று என்றால் உள்ளே போகலாம்; பூஜ்யம் என்றால் உள்ளே ஆள் இருக்கிறார், வெளியே காத்திரு. பெட்டிகளை முதன்முதலில் வெட்டும்போதே எல்லாவற்றிலும் ஒன்று என்று எழுதிவைக்கிறேன். ஒரே தடவைதான் எழுதுவேன். வாங்குகிறவர் உள்ளே போய், வெளியே வந்து, காவல் எண்ணை மறுபடி ஒன்றாக்கித்தான் திருப்பித் தர வேண்டும். இதுதான் இந்த முறையின் உயிரே. நீ பளபளவென்று துடைத்து அதையும் பூஜ்யமாக்கிவிட்டாய். அடுத்து வாங்கிய வேலை பார்க்கிறது: உள்ளே ஆள் இருக்கிறார். காத்திருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. எப்போது எழுந்திருக்கும்? வீட்டைக் காலி செய்கிறவர் சுத்தம் என்று நினைத்து மின்விசிறி, குழாய், கதவு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விட்டு, வீடு சரியில்லை என்று புகார் எழுதுவாரா? நீ எழுதியிருக்கிறாய், மூன்று பக்கம்.

துடைக்கும் அந்த வரியை எடு. என்னுடையதைத் திரும்ப வை. ஓடும். கம்ப்யூட்டர் இல்லாமல் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். போன ஞாயிறு பார்வையாளர் நாள். அப்பா முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டுவிட்டேன்.

"எதுக்கும்மா? கம்ப்யூட்டர்லாம் நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"நான் என்ன எழுதினேன்னு ஒரு வாட்டியாவது கேட்டிருக்கீங்களாப்பா?"

அவர் கடிக்கப்போன முறுக்கைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார். பிறகு, "சரி, டிக்கெட் போடறேன். டெஸ்ட்ல மட்டும் இறங்கிடாதே" என்றார். அவரும் வருகிறார். சேலத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பார்க்காத கிட்வாய் நகர் நண்பர்களைப் பார்க்க வேண்டுமாம்.

ஆகவே வருகிறேன். ஆனால் என் அலொகேட்டர் இல்லாத கெர்னலுக்குப் பக்கத்தில் பொம்மைபோல நிற்க மாட்டேன். என் நிரல் உள்ளே இருந்தால் என் பெயர் இருக்கட்டும். இல்லையென்றால் இரண்டையும் எடுத்துவிடு. முடிவு செய்.

சின்னதாகத் தெரிகிறவள்,
கனி


லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
6.11.2025

கனி,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தீபாவளி விடுமுறையில் உங்கள் வார்டன் மேஜையில் கிடந்திருக்கிறது என்று உறை மேல் உள்ள தேதியிலிருந்து தெரிகிறது. அவருக்கு என் பாராட்டைச் சொல்.

வந்தவுடன் துடைக்கும் வரியை எடுத்தேன். உன் பழைய அலொகேட்டரைப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன், டியூஷன் போய் வந்து பார்த்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. என்னுடையதைவிட மிக வேகம். நீ சொன்னது சரி. இதைச் சுற்றிவளைக்காமல் ஒரு தடவை சொல்கிறேன், இரண்டாம் தடவை எதிர்பார்க்காதே.

ஆனால் தேதி முடிந்துவிட்டது. அக்டோபர் 31 அன்று என் அலொகேட்டரோடு நிரலை அனுப்பிவிட்டேன். உன் பெயருக்குப் பதில் ஜெயந்த் பெயர் கொடுத்துவிட்டேன். நம் வகுப்பு ஜெயந்த்தான். நல்ல சட்டை போடுவான், மைக் பிடித்தால் விடமாட்டான்; அதற்கு மேல் அவனிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது. நேற்று அவனுக்குக் காவல் எண்ணை விளக்கினேன். "அச்சா அச்சா, டிராஃபிக் லைட்" என்றான். இவனோடு மேடையில் நிற்கப்போகிறேன். எனக்கும் தண்டனை உண்டு என்று நினைத்து ஆறுதல் பட்டுக்கொள்.

ஒன்று செய்கிறேன். நடுவர்கள் அலொகேட்டர் பற்றிக் கேட்டால், முதலில் எழுதியது கனிமொழி, அது சரியாகவும் வேகமாகவும் இருந்தது, என் தவறால் மாற்றினேன் என்று மேடையிலேயே சொல்வேன். இது வாக்கு. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல். வீணாக எதற்கு அலைச்சல்?

உன்,
ஜ்யோ


நாமக்கல்.
7.12.2025

ஜ்யோத்ஸ்னா,

உன் வெற்றிச் செய்திக் கடிதம் வந்தது. இரண்டாம் பரிசு, கேடயம், சுந்தரேஷ் சார் முதல் ஆளாகப் படத்தில் வந்து நின்றது எல்லாம் எழுதியிருந்தாய். அலொகேட்டர் பற்றி நடுவர்கள் கேட்கவே இல்லை, அதனால் என் பெயரைச் சொல்ல வாய்ப்பு அமையவில்லை, வருத்தமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய்.

அப்பாவுக்கு டிக்கெட்டை ரத்து செய்ய மனம் வரவில்லை. லீவும் போட்டாயிற்று. நண்பர்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். ரயிலில் இரண்டு நாளும் "இவ்ளோ தூரம் வந்துட்டு பார்க்காம போவாங்களாம்மா" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அரங்கத்துக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். உன்னைப் பிறகு பார்த்துப் பயமுறுத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

உன் பச்சைச் சுடிதார் நன்றாக இருந்தது. ஜெயந்தைப் பற்றி நீ எழுதியதில் மிகை எதுவும் இல்லை.

கண்ணாடி போட்ட அந்த நடுவர் அம்மா உன்னிடம் கேட்டார்: ஒரே அளவுப் பெட்டிகள்தானே, தயார் நிலையிலேயே வைத்திருக்கலாமே, ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரப்பி ஏன் நேரத்தை வீணாக்குகிறீர்கள்? மிக நல்ல கேள்வி. கேட்டதும் என் கை தானாக அப்பாவின் கையைப் பிடித்தது. நீ மைக்கை வாங்கினாய்.

"முதலில் அப்படித்தான் இருந்தது மேடம். இன்னொருவர் எழுதியது. அது ஓடவில்லை, அதனால் எடுத்துவிட்டேன்."

தயங்கக்கூட இல்லை. ஆங்கிலத்தில் மிகத் தெளிவாகச் சொன்னாய். அந்த அம்மா தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகப் புரியும், இருபத்தைந்து வருடம் சர்க்கார் ஃபைல் பார்த்தவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். ரயில் ஏறிய பிறகு, நாக்பூர் தாண்டியதும், அந்தத் தாள்களைக் காட்டச் சொன்னார். பெட்டி எப்படி வெட்டுவது, காவல் எண் எதற்கு என்று சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டார். நீ இவ்வளவு நாளில் கேட்ட எந்தக் கேள்வியையும்விட நல்ல கேள்விகள். விடுமுறையில் சேலத்து வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்குமாம். புதிதாகத் தொடங்குவேன், தனியாக.

மேடையில் பொய் சொன்னதைக்கூடப் பயம் என்று தள்ளிவிடலாம். கேடயத்தை வீட்டில் வைத்துவிட்டு, மேஜையில் நிதானமாக உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "கேட்கவே இல்லை" என்று எனக்கு எழுதினாயே, அதுதான். புலியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் எனக்குப் பாடம் எடுத்தவள் நீ.

பரிசு அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்தார்ஜி குனிந்து, "பேட்டா, உன் சினேகிதியா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

இல்லை என்றேன்.

கனிமொழி