பின்னால வாத்து உண்டு

மதினி,

இன்று காலை சேம்புச் செடிக்கு அடியில் ஒரு முட்டை கிடந்தது. கூட்டுக்குள் வைக்கோலைப் பரப்பி மெத்தை மாதிரி வைத்திருக்கிறேன், மகாராணிக்கு அது போதாதாம். அந்தக் கறுப்பு வாத்து அப்படியே நீங்கள்தான், சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. சேறு ஒட்டிய முட்டையை எடுத்தபோது ஈர இறகு வாசனை வந்தது. உங்கள் சேலையில் எப்போதும் இருந்த வாசனை. அங்கேயே குந்தி உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வாத்துகள் என்னைக் கண்டுகொள்ளாமல் தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தன.

அண்ணனைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து இந்தக் கரமனை வீட்டுக்கு வந்த நாள் முதல் உங்களுக்கும் மலையாளத்துக்கும் ஆகவே ஆகாது. இங்கேயே பிறந்து வளர்ந்த என்னை, ஒனக்குத் தமிழும் அரைகுறை மலையாளமும் அரைகுறை என்று கேலி செய்வீர்கள். கோழி வளர்த்தவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாத்துகள் வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். ஒரே சத்தம், ஒரே நாற்றம், சிட்டிக்குள் இதற்கெல்லாம் அனுமதி உண்டா என்று கேட்டார். அண்ணனுக்கு வம்பு என்றாலே பயம். சாலைக் கடையில் ஓர் இறைச்சிக்காரரிடம் பேசியே விட்டார். அன்று நீங்கள் சோற்றைத் தொடவில்லை.

மறுநாள் கவுன்சிலரைப் பார்க்கக் கிளம்பினீர்கள். நான் வந்து மலையாளத்தில் பேசுகிறேன் என்றேன்.

"என் வாத்துக்கு நானே பேசிக்கிடுதேன். நீ வீட்டப் பாரு."

திரும்பி வந்தபோது உங்களைப் பிடிக்க முடியவில்லை. மலையாளத்திலேயே பேசிவிட்டு வந்தீர்களாம். பின்னால வாத்து உண்டு சாரே, தெனமும் ராவிலே கிட்டும், அயல்வீட்டுக்கும் கொடுக்கும், பெர்மிஷன் வேணும். கவுன்சிலர் முகம் வெளுத்துப்போனது என்று நீங்கள் சொன்னபோதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அன்று மத்தியானமே காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். "எவிடெயா வாற்று?" என்றார் பெரியவர். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த ஊரில் வாத்துக்குத் தாராவு என்று பெயர். வாற்று என்றால் கள்ளச்சாராயம் காய்ச்சுவது. ராவிலே, அதாவது காலையில், கிட்டும் என்று நீங்கள் சொன்னது முட்டையை, கவுன்சிலர் காதில் விழுந்தது சாராயம். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சிரித்த முகமாக அவர்களைக் கொல்லைக்கு அழைத்துப் போய்விட்டீர்கள். அங்கே தவிட்டைப் பழங்கஞ்சியில் ஊறப்போட்ட உங்கள் பானை, புளித்து நுரைத்துக் கிடந்தது. மூடியைத் திறந்தவர் மற்றவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இத ஊத்தினாத்தான் சார் வாத்து நல்லா வரும்."

நல்லவேளை, பானைச் சத்தம் கேட்டு வாத்துகள் வரிசையாக ஆடி ஆடி வந்துவிட்டன. "தாராவு சாரே, தாராவு" என்று நான் கத்தினேன். பெரியவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் சேச்சியும் சிரித்தார்.

சாயங்காலம் கவுன்சிலரே அசடு வழிய வந்தார். வீட்டுக்கு என்று நாலைந்து வளர்ப்பதை யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் நாற்றமும் சத்தமும் மதிலைத் தாண்டக்கூடாது என்றார். கூட்டை மதிலோரத்திலிருந்து தள்ளி வைத்தோம். கீரிக்கும் தெருநாய்க்கும் பயந்து கம்பிவலை அடித்தோம், விளக்கு வைப்பதற்குள் அடைத்தோம், தொட்டித் தண்ணீரைத் தினமும் வாழைக்கு ஊற்றினோம். அந்தப் புளித்த பானையைத் தூக்கிப் போட்டதுமே நாற்றத்தில் பாதி போய்விட்டது. சேச்சி சொன்னது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டீர்கள், என்னிடம் மட்டும். அவருக்கோ வாரம் தவறாமல் முட்டை போயிற்று.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அண்ணன் மறுபடியும் இறைச்சிக்காரர் பேச்சை எடுத்தார். அதுகளைப் பார்த்தாலே அவள் ஞாபகம் வருகிறது, என்னால் முடியவில்லை என்றார். அவரிடம் நான் என்ன சண்டை போட? அன்று அந்தியில் வாத்துகளை அடைக்கப் போனேன். கை தட்டினேன், தவிட்டைக் காட்டினேன், திட்டியும் பார்த்தேன். சேம்புக்கடியைவிட்டு ஒன்றும் அசையவில்லை. இருட்டினால் கீரி வந்துவிடும்.

அப்போது மதிலுக்கு மேலிருந்து குரல் வந்தது.

"வாத்தே, வா மக்கா, வீட்டுக்குப் போவோம்."

சேச்சி! சுத்தமான மலையாளக்காரர், உங்கள் சொல், உங்கள் திருநெல்வேலி இழுவை. எத்தனை அந்தி அந்தப் பக்கம் நின்று கேட்டிருப்பாரோ. வாத்துகள் தலையைத் தூக்கின, வரிசை கட்டின, கூட்டுக்குள் போயின. அண்ணன் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை தொட்டித் தண்ணீரை வாழைக்கு ஊற்றியது அவர்தான். இறைச்சிக்காரர் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

இன்றைய முட்டையைச் சேச்சிக்குக் கொடுத்தேன். அந்தியில் நானும் இப்போது உங்கள் இழுவையில்தான் கூப்பிடுகிறேன், வந்துவிடுகின்றன. இனி யார் கேட்டாலும் தாராவு என்று திருத்தமாட்டேன் மதினி. பின்னால வாத்து உண்டு என்றுதான் சொல்வேன். காக்கிச் சட்டை வந்தால் வரட்டும்.